எண்களாக மாறும் இசை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காற்றில் பிறந்து காற்றிலேயே கரைவது ஒலி. அதைப் பிடித்து வைக்க மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று, அதனை எண்களாக மாற்றிச் சேமிப்பதாகும். இன்று நாம் கைப்பேசியில் கேட்கும் பாடல்கள் யாவும் எண்களின் வரிசைகளே. அவ்வெண்களை எவ்வளவு அடிக்கடி எடுப்பது? எவ்வளவு நுட்பமாக எடுப்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக அமைவனவே மாதிரி வீதமும் பிட் ஆழமும்.

நெய்வேலியில் வளர்ந்தவன் நான். ஆகவே ஊர் உவமையையே சொல்கிறேன். இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழ் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கிறது. அது சுரங்கத்தினுள் பீறிடாதிருக்க இரவு பகலாக இறைக்கப்படுகிறது. ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை நாம் அளப்பதாகக் கொள்வோம். நாளுக்கு ஒருமுறை அளந்தால் இடையில் ஏறி இறங்கியது தெரியாது. மணிக்கு ஒருமுறை அளந்தால் தெரியும். இதுவே மாதிரி வீதம். அளவுகோலில் மீட்டர் கோடுகள் மட்டும் இருந்தால் சாண் அளவு ஏற்றம் தெரியாது. சென்டிமீட்டர் கோடுகள் இருந்தால் தெரியும். இதுவே பிட் ஆழம்.

ஓர் ஒலியிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால் அவ்வொலியை முழுமையாக மீட்கலாம். 1928-இல் நைக்விஸ்ட் இட்ட அடிப்படையின்மேல் 1949-இல் ஷானன் நிறுவிய உண்மை இது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எனவே 40,000-க்கு மேல் வேண்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் அது 44,100 ஆயிற்று. அந்நாளில் எண்முறை ஒலியை வீடியோ நாடாவிலேயே பதிந்தனர். ஒரு வரிக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்திற்கு 245 வரிகள், விநாடிக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்!

ஒரு பிட் கூடினால் படிகள் இரட்டிக்கும். 8 பிட்டுக்கு 256 படிகள். 16 பிட்டுக்கு 65,536. 24 பிட்டுக்கு 1,67,77,216. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடைவெளி தரும். ஆகவே 16 பிட்டில் 96 டெசிபல் அடங்கும். தவிலின் முழக்கமும் தம்புராவின் மெல்லிய நாதமும் ஒரே பதிவில் நிற்பது இதனால்தான்.

இதை நான் கற்றது பாடநூலில் மட்டுமன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கைநாட்டு வைக்கும் என் ஆயாவுக்கோ நடவுப் பாட்டும் தாலாட்டும் கணக்கின்றித் தெரியும். பள்ளியில் படித்தபோது அவற்றை ஒரு பழைய கைப்பேசியில் பதிந்தேன். அது விநாடிக்கு 8,000 மாதிரிகளே எடுக்கும் பேச்சுப் பதிவு முறை என்பதை அன்று அறியேன். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் அதில் இல்லை. குரல் கேட்கிறது, ஆனால் கூர்மையில்லை. தாளத்துக்குக் கைதட்டும்போது கலகலத்த வளையல் ஓசை மங்கிவிட்டது. ஆயா இன்று இல்லை.

அப்பதிவைக் கணினியில் 96,000 மாதிரி, 24 பிட்டாக மாற்றிப் பார்த்தேன். கோப்புதான் பெருத்தது, வளையல் ஓசை திரும்பவில்லை. பதியும் வேளையில் விடுபட்டதைப் பின்னர் எந்தக் கணக்கும் மீட்டுத் தராது என்பதே நான் கற்ற பாடம். பழைய இசைத்தட்டுகளை எண்முறைக்கு மாற்றும் ஒலிக் காப்பகங்கள் 96,000 மாதிரி, 24 பிட் என்னும் அளவைக் கையாள்வதும் இதை உணர்ந்தே. நமக்கோ 48,000 மாதிரி, 24 பிட் போதும்.

நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதி வைக்கவில்லை; பாடி வைத்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால், கைப்பேசியின் பதிவு அமைப்பை முதலில் பாருங்கள். சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாகப் பதியுங்கள். இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிறகு அவர்களைப் பாடச் சொல்லுங்கள்.