கனடா கல்வி அனுமதி
கனடா கல்வி அனுமதி என்பது வெளிநாட்டு மாணவர் கனடாவில் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட படிப்பைப் பயில அந்நாட்டு அரசு வழங்கும் ஆவணம் ஆகும். இது நுழைவிசைவு அன்று. இந்தியர்களுக்கு இரண்டும் தேவை. நுழைவிசைவு கடவுச்சீட்டில் ஒட்டப்படும். அனுமதிப் பத்திரமோ கனடாவில் இறங்கிய பின்னரே எல்லை அலுவலரால் வழங்கப்படும்.

சத்தியமங்கலத்து மாணவர் ஒருவருக்கு முதற்படி கடவுச்சீட்டு. ஈரோடு மாவட்டம் கோயம்புத்தூர் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கீழ் வருகிறது. அடுத்தது கல்லூரியின் சேர்க்கைக் கடிதம். 2024 சனவரி 22 முதல் பெரும்பாலோர் மாகாண உறுதிக் கடிதமும் இணைக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டம் பயில்வோருக்கு 2026 முதல் விலக்கு உண்டு.

பலர் தடுமாறும் இடம் பணச் சான்று. 2023 வரை தனியொருவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 10,000 கனடிய டாலர் காட்டினால் போதுமாயிருந்தது. இத்தொகை 2024 சனவரியில் 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது (கியூபெக் நீங்கலாக). கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. மல்லிகைத் தோட்டமும் வீடும் குடும்பத்தின் வசதியைக் காட்டுமே தவிர, கையில் உள்ள பணமாகா. அவற்றை அடமானம் வைத்துப் பெறும் வங்கிக் கல்விக் கடன் சான்றாக ஏற்கப்படும்.

அனுமதிக் காலம் முடிந்ததும் மாணவர் கனடாவை விட்டு வெளியேறுவார் என்று அலுவலர் நம்ப வேண்டும். ஐயம் எழுந்தால், சேர்க்கை கிடைத்திருந்தும் விண்ணப்பம் மறுக்கப்படலாம். மறுக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பிக்கலாம். செலுத்திய விண்ணப்பக் கட்டணம் மட்டும் திரும்பாது.