காலையில் நன்றாக மேய்ந்த கோழி மாலையில் சாவது ஏன்? வெள்ளைக்கழிச்சல் நோயும் தடுப்பூசியும்: ஒரு விளக்கம்

மாசி, பங்குனி வெயில் ஏற ஆரம்பித்தால் மண்டபம், பாம்பன் பக்கம் கோழி வளர்ப்போருக்கு ஒரு பயம் வந்துவிடும். நேற்று வரை மீன் கழிவைக் கிளறிக்கொண்டிருந்த கோழி இன்று இறகைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒன்று விழுந்தால் சில நாட்களிலேயே கூண்டு காலியாகிவிடும். ஊர் வழக்கில் இது வெள்ளைக்கழிச்சல். மருத்துவர்கள் ராணிக்கெட் என்பார்கள். உலகம் முழுக்க நியூகாசில் நோய் என்று பெயர்.

இரண்டு பெயருமே ஊர்ப் பெயர்கள்தான். 1926-ல் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இந்த நோய் பதிவானது. அடுத்த ஆண்டே இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட் மலைநகரில் கண்டறியப்பட்டது. சுமார் நூறு ஆண்டுகள் ஆகியும், தடுப்பூசி இருந்தும், இது ஏன் இன்னும் ஒழியவில்லை?

வைரஸ் என்ன செய்கிறது?

இந்த வைரஸில் சாதுவான வகையும் உண்டு, கொல்லும் வகையும் உண்டு. வித்தியாசம் வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தில் இருக்கிறது. கோழியின் செல்லுக்குள் வைரஸ் நுழைய அந்தப் புரதம் முதலில் வெட்டுப்பட வேண்டும். சாதுவான வகையின் புரதத்தை மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கும் சில நொதிகள் மட்டுமே வெட்டும். அதனால் நோய் அங்கேயே அடங்கிவிடும். கொல்லும் வகையின் புரதத்தை உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும் நொதி வெட்டிவிடும். மூளை, குடல், மண்ணீரல் என எல்லா இடமும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் அத்தனை கோழியும் சாகக்கூட வாய்ப்பு உண்டு.

சாது வகை அப்படியே இருந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 1998-க்குப் பிறகு பரவிய நோய், அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த சாதுவான வைரஸ் மரபணு மாற்றம் அடைந்ததால் வந்தது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2002-03-ல் இந்த நோயைக் கட்டுப்படுத்த 30 லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் அழிக்கப்பட்டன.

பண்ணையில் என்ன செய்கிறார்கள்?

நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளில் தடுப்பூசிக்கு ஓர் அட்டவணையே இருக்கிறது. குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. பிறகு குடிநீரில் கலந்து லசோட்டா. முட்டையிடத் தொடங்கும் முன் மறுபடி ஊசி. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்குப் போடும் ஊசிமருந்து 'முக்தேஸ்வர்' ரகம். 1940-களில் முக்தேஸ்வர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டில் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்க 1932-லேயே ராணிப்பேட்டையில் நிலையம் தொடங்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு செய்தும் சில பண்ணைகளில் நோய் வருகிறது. தாய்க்கோழியிடமிருந்து குஞ்சுக்கு வரும் எதிர்ப்புசக்தி சில நேரம் தடுப்பூசியையே முடக்கிவிடும். குளோரின் கலந்த தண்ணீரில் கரைத்தால் மருந்து செத்துவிடும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டாலும் அதே கதிதான். இன்னொரு விஷயமும் பேசப்படுகிறது. லசோட்டா போன்ற தடுப்பூசிகள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மரபணு வகையைச் சேர்ந்தவை. இந்தியாவில் சமீப காலத்தில் அதிகம் கிடைப்பது 13-ம் மரபணு வகை. பழைய மருந்து சாவைத் தடுக்கிறது, ஆனால் வைரஸ் வெளியேறுவதை முழுசாக நிறுத்துவதில்லை.

அப்போ மண்டபத்துக்கு என்ன சம்பந்தம்?

சிக்கலே இங்கேதான். தடுப்பூசி போட்ட பண்ணைக் கோழி வைரஸைச் சுமந்துகொண்டு, பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கலாம். அதன் எச்சத்திலும் மூச்சிலும் வைரஸ் வெளியேறும். அப்படிப்பட்ட கோழி கூண்டு வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய்க் கடையில் இறங்கும்போது, வைரஸும் கூடவே இறங்கலாம். கூண்டு, சக்கரம், செருப்பு, இறகுக் கழிவு என எல்லாமே வழிதான். பண்ணைக் கோழிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டு முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிக்கு இல்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கும. நோய் வந்தது தெரிந்ததும், செத்துப்போவதற்குள் காசாக்கிவிடலாம் என்று கோழிகளைச் சந்தையில் விற்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கடலுக்குப் போக முடியாத நாட்களில் பல மீனவர் வீடுகளில் பெண்களின் கைச்செலவே அந்த நாலைந்து கோழிதான். ஆனால் அப்படி விற்கும் ஒரு கோழி பத்து வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.

நாட்டுக்கோழிக்கு எதுக்கு ஊசி?

அதற்குத்தான் முதலில் வேண்டும். மருந்துக் குப்பிகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானவை. கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மிச்சமெல்லாம் வீண். வெயிலும் மின்வெட்டும் சேர்ந்தால் குளிர் நிலையைக் காப்பதும் கஷ்டம்.

இதற்காகத்தான் வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்துகளைத் தேடினார்கள். ஆஸ்திரேலியாவில் கிடைத்த வி-4, ஐ-2 ரகங்கள் ஆசிய, ஆப்பிரிக்கக் கிராமங்களில் பயன்பட்டன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒருபடி மேலே போய், தீவனம் மாதிரி கோழியே கொத்தித் தின்னும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. கோழியைத் துரத்திப் பிடிக்கும் வேலையே இல்லை.

தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறையும் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது. கோடை தொடங்கும் முன்பே எதிர்ப்புசக்தி உருவாகட்டும் என்பதுதான் கணக்கு.

நோய் வந்துவிட்டால்?

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு, ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. நோய் கண்ட கோழியை உடனே தனியாகப் பிரிக்க வேண்டும், விற்கக் கூடாது. செத்ததைக் கடற்கரையிலோ குப்பையிலோ வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

மனிதர்களுக்கு? பயப்படத் தேவையில்லை. நோய்ப்பட்ட கோழியைக் கையாள்பவர்களுக்குச் சில நேரம் கண் சிவந்து உறுத்தும், சில நாளில் சரியாகிவிடும். பறவைக் காய்ச்சல் வேறு வைரஸ், வேறு நோய். ஆனால் அதிலும் அறிகுறிகள் இதே மாதிரி இருக்கலாம். அதனால் கூட்டமாகக் கோழி செத்தால், 'கழிச்சல்தான்' என்று நாமே முடிவு கட்டாமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். ஆய்வகச் சோதனை மட்டும்தான் இரண்டையும் பிரித்துச் சொல்லும்.