திசை திருப்பும் சிறு பொறி

தேர் ஓடுங்கால் அதனை முன்னே செலுத்துவோர் வடம் பிடிக்கும் மக்கள் பலர். அதனை நெறி பிறழாது திருப்புவோரோ, சக்கரத்தின் அருகே மரக்கட்டை ஏந்தி நடக்கும் மிகச் சிலர். தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலின் மாசிமகத் தேரோட்டத்திலும், குற்றாலநாதர் கோயிலின் திருவாதிரைத் தேரோட்டத்திலும் இதனைக் காணலாம். ஒரு பக்கத்துச் சக்கரத்தின் அடியில் சறுக்குக்கட்டையை இட்டதும் தேர் திரும்புகிறது. செலுத்தும் ஆற்றல் வேறு, திருப்பும் ஆற்றல் வேறு என்பது இதனால் விளங்கும். மாணவர் விரும்பிச் செய்யும் வானொலி வண்டிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கம்பியின் தொடர்பின்றி ஊர்தியை இயக்கும் கலை புதியதன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா தெசுலா என்னும் அறிஞர் நியூயார்க் நகரில் சிறு படகொன்றை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். இன்றைய வானொலி வண்டிகளில் முன்சக்கரங்களைத் திருப்பும் கருவிக்குச் 'சர்வோ' என்பது பெயர். ஏவலன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. பிரான்சு நாட்டுப் பொறிஞர் சோசப் பார்க்கோ, கப்பலின் சுக்கானைத் திருப்பும் நீராவிப் பொறியைக் கருதி இப்பெயரை ஆண்டு, 1873ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார்.

இவ்வேவலனின் உடலில் நான்கு உறுப்புகள் உள்ளன. அவை சிறு மின்னோடி, பற்சக்கரத் தொகுதி, அச்சு நிற்கும் நிலையை உணர்த்தும் மின்தடை, இவற்றை ஆளும் மின்சுற்று என்பன. நொடிக்கு 50 முறை கட்டளைத் துடிப்பு வருகிறது. அத்துடிப்பு ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டதில் ஒன்றரைக் கூறு நீடித்தால் சக்கரம் நேரே நிற்கும். ஒரு கூறாகக் குறைந்தால் ஒரு பக்கமும், இரண்டு கூறாக நீண்டால் மறுபக்கமும் திரும்பும். ஏவிய நிலையை அடையும்வரை மின்னோடி ஓயாது சுழலும்.

இத்தகைய பொறியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இங்கும் முதற்கண் அறியவேண்டுவது வலிமையே. அதனை முறுக்குவிசை என்பர். 10 கிலோ-சென்டிமீட்டர் விசையுள்ள பொறி, ஒரு சென்டிமீட்டர் நீளக் கைநுனியில் 10 கிலோவைத் தாங்கும். கை இரண்டு சென்டிமீட்டராயின் 5 கிலோவையே தாங்கும். பெட்டியில் குறித்திருப்பது பெரும்பாலும் பொறி திணறி நிற்கும் உச்ச விசை. அன்றாட வேலையை அதில் மூன்றில் ஒரு பங்கிற்குள் அடக்குதல் நன்று.

வண்டி ஓடும் நிலத்தையும் கருதவேண்டும். குற்றாலத்திலிருந்து இறங்கிவரும் சிற்றாற்றின் கரைப்பாறைகளில் ஏறும் 'டிரக்கு' மெல்லச் செல்வது. அதன் சக்கரம் கல்லிடுக்கில் அகப்படும் ஆதலின், விரைவினும் வலிமையே அதற்கு இன்றியமையாதது. தென்காசியின் செம்மண் திடலில் பாய்ந்தோடும் 'பக்கி' வண்டிக்கோ வலிமையோடு விரைவும் வேண்டும். ஏவிய கணத்தில் திரும்பாத வண்டி, அருகே நிற்கும் குழந்தையின் காலில் மோதக்கூடும். 60 பாகை திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டே விரைவை அளப்பர்.

மலிவான பொறிகள் இரண்டை ஒப்பிடுவோம். 'எஸ்.ஜி.90' ஏறத்தாழ 9 கிராம் எடையும் நெகிழிப் பற்சக்கரமும் உடையது. மேசைமேல் ஓடும் சிறு வண்டிக்கு அது போதும். கல்லில் மோதினாலோ அதன் பற்கள் உதிரும். 'எம்.ஜி.996ஆர்' 55 கிராம் எடையும் உலோகப் பற்சக்கரமும் உடையது, 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-சென்டிமீட்டர் விசை தருவதாகக் குறிக்கப்படுவது. இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பனவே. ஆயினும் ஒன்றின் பணியை மற்றொன்றுக்கு இட்டால் காசு வீணாகும்.

சிறு செய்திகளையும் புறக்கணித்தல் ஆகாது. அச்சின் பற்கள் 23, 24, 25 எனப் பலவகைப்படும். கையின் பற்களும் அவ்வெண்ணோடு ஒத்திருத்தல் வேண்டும். 6 வோல்ட்டுக்கென அமைந்த பொறியை 7.4 வோல்ட் மின்கலத்தோடு நேரே இணைத்தால் அது கருகக்கூடும். மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் சுருள்வில் இணைப்பு ஒன்று இடையே இருப்பின் பற்கள் பிழைக்கும். சாரல் பொழியும் ஆனி, ஆடித் திங்களில் ஓட்டுவோர் நீர் புகாத உறையுடைய பொறியையே நாடுவாராக.

குறித்த விசை மெய்தானா என்று ஐயுறின் எளிய சோதனை உண்டு. பொறியை மேசை விளிம்பில் இறுகப் பொருத்தி, அச்சிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தொலைவில் இரண்டு லிட்டர் நீர் கொண்ட புட்டியைத் தொங்கவிடுக. நீரின் எடை இரண்டு கிலோ ஆதலின், பொறி தாங்கும் சுமை 4 கிலோ-சென்டிமீட்டர். 9 என்று குறித்த பொறி இதனைத் தயங்காது தூக்கவேண்டும். நடுங்கித் திணறுமாயின் அதனைத் திருப்பித் தருவதே முறை.

சேமித்த சிறு தொகையைக் கொண்டு வாங்கும் மாணவன், விலையை வினவுமுன் வேலையை வினவுதல் வேண்டும். வண்டியின் எடை, நிலத்தின் தன்மை, மின்கலத்தின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்துவனவற்றுள் விலை குறைந்ததைக் கொள்வானாயின் அவன் ஏமாறான். அவ்வாறன்றி விலையொன்றையே நோக்கி வாங்குவோன், முதற்பொறி பழுதுற்றபின் மற்றொன்றும் வாங்க நேரும்.