சிவப்பு விளக்கில் நடுங்கும் கார்

கோல் மார்க்கெட்டின் நடுவே 1921இல் எழுந்த பன்னிரு முகக் கட்டடத்தைச் சுற்றிவரும் சாலைகளில், அலுவலக நேரத்தில் வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். பழைய காரின் குறை அங்கேதான் வெளிப்படும். ஓட்டத்தில் ஒழுங்காக இருந்த இன்ஜின், நின்ற இடத்தில் நடுங்கும், ஏறி இறங்கும், சில வேளை அணைந்தே போகும்.

உச்ச நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டு ஆணையால், 2000 ஏப்ரல் முதல் தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் புதிய கார்கள் யூரோ இரண்டாம் நிலை விதிக்கு உட்பட வேண்டியதாயிற்று. கார்புரேட்டர் மறைந்து, இன்ஜெக்டர் வந்தது. முன்பு ஒரு திருகைத் திருப்பி ஐடிலிங்கைச் சரிசெய்த மெக்கானிக், இப்போது, "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்கிறார். செலவு பல ஆயிரங்களில் தொடங்குகிறது. அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

காரணம் எளியது. கால் எடுத்ததும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை சுழலத் தேவையான சிறிதளவு காற்றை, பெரும்பாலான பழைய கார்களில், பக்கவழியில் உள்ள ஒரு வால்வே அளந்து விடுகிறது. அந்த இடுக்கில் கரி படிந்தால் அளவு கெடும். வேகத்தில் செல்லும்போது காற்று மிகுதியாகப் பாய்வதால் அதே கரி பொருட்டாவதில்லை. ஆகவே த்ராட்டில் பாடியையும் வால்வையும் துப்புரவு செய்வதே முதல் வேலை. அதன்பின் ஐடிலிங் நிலைபெறச் சிறிது ஓட்டம் தேவைப்படலாம்.

சுற்று குறையாமல் உயர்ந்தே நின்றாலோ, இன்ஜின் அருகே 'உஸ்' என்ற ஒலி கேட்டாலோ, வெடித்த ரப்பர் குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று ஐயுறலாம். ஸ்கேனர் பொருத்தக்கூடிய வண்டியானால் இதை உறுதிசெய்யலாம்: ஐடிலிங்கில் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெகுவாகக் கூட்டிக்கொடுத்து, 2,500 சுற்றில் அந்தக் கூடுதல் குறைந்துவிட்டால், கசிவுதான். குழாயின் விலை கம்ப்யூட்டரின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று. சீரற்ற குலுக்கலுக்கு ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பார்க்க வேண்டும். டெல்லிக் குளிரில் காலையில் மட்டும் முரண்டுபிடித்தால், குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இது வசதியைப் பற்றியது மட்டுமன்று. பாரத் நான்காம் நிலைப் பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் ஐடிலிங்கின்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாதென 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னரும் இவ்விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்துள்ளதால், பெருஞ்செலவுக்கு முன் அண்மை ஆணையைக் கேட்டறிவது நலம்.

பழைய கார்க் கடனுக்கு விண்ணப்பிப்போர் இன்னொன்றையும் செய்யலாம். விற்பவர் இன்ஜினை முன்பே சூடேற்றி வைத்திருப்பதுண்டு. பானெட்டின்மேல் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லி, சூடேறிய பின் ஏசியைப் போடுங்கள். சுற்று ஒரு கணம் தாழ்ந்து உடனே மீண்டால் நன்று. மீளாமல் தள்ளாடினால், விலை பேசும் முன் மெக்கானிக்கை அழைத்துவாருங்கள்.