வசனக் கோட்டையும் மண் கோட்டையும்

சென்னீர்குப்பத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்ப்பதும், பிறகு பேசுவதும் எங்கள் சிலரின் வழக்கம். சென்ற முறை ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959). படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்களில் பாதிப்பேர் சிவாஜியை முந்திக்கொண்டு வசனம் சொல்லிக்கொண்டிருந்தோம். பள்ளி ஆண்டுவிழாவில் அட்டைக் கத்தியோடு நின்று பேசியதெல்லாம் மறக்கக்கூடியதா என்ன? முடிந்து விளக்கைப் போட்டதும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தோழர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர், கேட்டார்: “எல்லாஞ் சரிண்ணே. எங்க ஊர்ல கதை இங்கன முடியாதே. தம்பி ஊமைத்துரை போட்டதுதானே பெரிய சண்டை? அதை ஏன் எடுக்கல?”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனதன் விளைவு இக்கட்டுரை.

1

வரலாற்றுப் படங்களில் ‘உண்மை’ பற்றிய விவாதம் நம்மிடம் இரண்டு தடங்களில்தான் ஓடியிருக்கிறது. ஒன்று, தேதி தப்பு, உடுப்பு தப்பு, அரண்மனை இவ்வளவு பெரிசா இருந்திருக்காது என்கிற கணக்குப்பிள்ளை விமர்சனம். மற்றது, நாயகனின் தலையிலேயே கைவைப்பது. ம.பொ.சி. கட்டபொம்மனை விடுதலைப் போரின் முதல் வீரனாக நிறுவினார். தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்று புத்தகமே போட்டார். எதிரெதிராகத் தெரிந்தாலும் இருவர் கண்ணும் ஒரே ஆள் மீதுதான். வீரனா திருடனா என்ற கேள்விக்குள் முற்றுகையில் இருந்த மற்ற ஆயிரம் பேருக்கு இடமே கிடையாது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு படம் எந்த வகை வீரத்தை மட்டும் வீரம் என்று ஏற்கிறது? அதற்குள் அடங்காத எதை வெட்டி எறிகிறது?

2

முதலில் ஜாக்சன் துரை சந்திப்பு. படத்தில் கட்டபொம்மன் பேசப் பேச துரை வாயடைத்துப்போகிறான். 1798இல் நடந்தது என்ன? கிஸ்தி பாக்கிக்காக கலெக்டர் ஜாக்சன் வரச்சொல்கிறார். சொன்ன இடத்துக்குப் போனால் துரை அங்கே இல்லை, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகப் பின்னாலேயே அலையவிட்டு, கடைசியில் செப்டம்பர் 10ஆம் தேதி ராமநாதபுரத்தில்தான் பார்க்க அனுமதிக்கிறார். அங்கேயும் உட்கார இடம் தரவில்லை. மூன்று மணி நேரம் நிற்கவைத்தார். வெளியேறும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் சாகிறார், தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபடுகிறார். பிறகு கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு செய்ய, கம்பெனி விசாரணைக் குழு போடுகிறது. ஜாக்சனின் பதவி போகிறது. லூஷிங்டன் வருகிறார்.

நின்றுகொண்டே பதில் சொன்னவன், பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டியவன், மேலிடத்துக்கு மனு போட்டவன் – இப்படி ஒரு ஆள் படத்தில் வரவே முடியாது. வந்தால் தியேட்டரில் விசில் பறக்காது. ஆனால் அதிகாரத்தின் முன்னால் அலைந்து, நின்று, மனுக்கொடுத்து, அத்தனையும் தோற்றபின் ஆயுதம் எடுப்பவனை நமக்கு நன்றாகவே தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் தினமும் பார்க்கிறோம். படத்தின் நாயகனைவிட ஆவணத்தின் நாயகன்தான் நமக்கு நெருக்கமானவன்.

அடுத்து, முற்றுகை. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கித் தோற்கிறார். பீரங்கிகளும் கூடுதல் படையும் வரப்போவது தெரிந்ததும் கட்டபொம்மன் இரவோடிரவாகக் கோட்டையை விட்டு வெளியேறுகிறார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக்கொடுக்க, அக்டோபரில் கயத்தாறில் தூக்கு. அந்தக் கடைசி நேரம் பற்றி பானர்மேன் எழுதிய அறிக்கையை கால்டுவெல் தன் திருநெல்வேலி வரலாற்றில் (1881) எடுத்துத் தருகிறார். சுற்றி உட்கார்ந்திருந்த பாளையக்காரர்களை, குறிப்பாக எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும், கட்டபொம்மன் இகழ்ச்சியோடு பார்த்தபடி தளராமல் நடந்துபோனார் என்கிறது அது. தூக்கிலிட்டவனே எழுதிவைத்த சாட்சி. இன்னொன்றும் அதில் இருக்கிறது. ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்தபோது, கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினாராம்.

வருந்துகிற நாயகன்! தன் முடிவு தப்பு என்று மரணத்தின் முன்னால் ஒப்புக்கொள்கிறவன். நாயக பிம்பத்துக்கு இதைவிட ஆபத்தான ஆவணம் வேறில்லை. இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 1836இல் நடந்த அலமோ முற்றுகையை ஜான் வெய்ன் 1960இல் படமாக்கினார். அவர் நடித்த டேவி க்ராக்கெட் சாகிற நேரத்திலும் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்திவிட்டுச் சாகிறார். டி லா பெனா என்ற மெக்சிக அதிகாரியின் குறிப்புகள், க்ராக்கெட் உயிரோடு பிடிபட்டுக் கொல்லப்பட்டார் என்கின்றன. 1975இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது பெரும் கூச்சல் எழுந்தது. பிடிபட்டால் வீரம் குறைந்துவிடுமா? குறையும் என்று நம்பவைத்தது சினிமா. 2004இல் வந்த படம்தான் துணிந்து அதைக் காட்டியது.

3

இனி தோழரின் கேள்வி. 1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்புகிறார்கள். அவர்களை மீட்கப் போனவர்கள் விறகுக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு போனார்கள். ஒரே வாரத்தில் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பார்த்தால், தரைமட்டமாக இடித்துப் போட்ட கோட்டை எழுந்து நிற்கிறது! ஆறு நாளில் கட்டியது. வெறும் மண். மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போகிறார். மார்ச் 31இல் கூடுதல் படையோடு வந்து தாக்கியும் பலத்த சேதத்தோடு பின்வாங்குகிறார். கர்னல் அக்னியூ பெரும்படை கொண்டுவந்து மே 24இல்தான் கோட்டை விழுகிறது.

போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுகளில் இதற்குக் காரணம் கிடைக்கிறது. பீரங்கி சுவரை உடைத்தது. உடைப்பில் ஏறியவன் மேலே போய் நிற்க இடமில்லை. கொத்தளங்கள் உள்ளே குடைவானவை. கண்ணுக்குத் தெரியாமல் கீழிருந்து பதினெட்டு, இருபது அடி நீள ஈட்டிகள் குத்தித் தள்ளின. இது ஒற்றை வாள்வீச்சில் நடக்கிற காரியம் இல்லை. மண் சுமந்தவர், குழைத்தவர், ஈட்டிக்கம்பு சீவியவர், தோளோடு தோள் நின்று குத்தியவர் என்று பெயர் தெரியாத ஒரு கூட்டத்தின் கைவேலை.

இவர்களின் தலைவனுக்கோ பேச வராது. வெல்ஷ் அதையும் எழுதுகிறார்: சில வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் அடுக்குவான், அதுதான் வெள்ளைக்காரப் படை. வாயால் ஒரு சத்தம் எழுப்பியபடி மறுகையால் அதைத் தள்ளிவிடுவான். அதுதான் தாக்குதல் உத்தரவு. ஜனங்களுக்கு அவன் ‘சாமி’.

கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை பிணங்களுக்கிடையே அடிபட்டுக் கிடக்கிறான். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், குற்றுயிராய்க் கிடந்த மகன், என்னை விடு, சாமியைக் காப்பாத்து என்கிறான். அவளும் உடன்வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிப்போய் வெள்ளைத்துணி போர்த்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும், அம்மை போட்டுச் செத்த பிணம் என்று அழுகிறார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள். அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை.

4

இப்போது பதில் சொல்லலாம். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, 1957இல் மேடையேறிய நாடகம்தான் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் படமானது. அன்றைய தமிழ் சினிமாவில் அதிகாரத்தை எதிர்ப்பதென்றால் அதன் முகத்துக்கு நேரே அடுக்குமொழியில் பேசுவது. மேடைப்பேச்சு அரசியலை ஆண்ட காலம். பேசத் தெரிந்தவன்தான் தலைவன். அந்த மொழிக்குள் துரும்பால் உத்தரவு போடுகிற ஒருவனை எங்கே வைப்பது? அதே 1959 மே மாதம் வந்த கண்ணதாசனின் ‘சிவகங்கைச் சீமை’ ஊமைத்துரை மருதிருவரிடம் அடைக்கலம் புகுந்ததைத் தொட்டது. ஆனால் ஓடியது கட்டபொம்மன்தான். சிறிய சண்டை காவியமானது, பெரிய சண்டை பின்குறிப்பானது. ராஜய்யன் போன்ற வரலாற்றாசிரியர்கள் 1800-1801 கிளர்ச்சியின் பரப்பை நிறுவியபிறகும் பொதுப்புத்தியில் கதை கயத்தாறு புளியமரத்தோடு நிற்கிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது, படம்தானே? கெட்டது நிறைய. பிடித்துக்கொடுத்தது தொண்டைமான், ஆனால் துரோகத்துக்குப் பெயர் ‘எட்டப்பன்’. பாளையங்களுக்கிடையே இருந்த எல்லைத் தகராறு, நிலப் பங்கு, அதைக் கம்பெனி பயன்படுத்திய விதம், போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் எட்டயபுரத்துக்குக் கிடைத்த கூலி, இத்தனையும் ஒரு வசவுச் சொல்லுக்குள் புதைந்தது. அரசியல் போய் நடத்தை மட்டும் மிஞ்சியது. எங்கள் சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்துப் பூந்தமல்லியில் கம்பெனியின் கண்டோன்மென்ட் இருந்தது. அந்தச் சென்னைப் படையில் பெரும்பாலும் இந்த மண்ணின் சிப்பாய்கள்தான். பாஞ்சாலங்குறிச்சிச் சுவரின் இரண்டு பக்கமும் நம்மவர்களே இருந்தார்கள் என்பது ‘துரோகி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குகிற விஷயமா?

வெள்ளையத்தேவனுக்குப் படம் தந்த இடத்தை அதே கோட்டையின் தலித் தளபதி சுந்தரலிங்கத்துக்குத் தரவில்லை. அவர் நினைவைக் காத்தது மக்களின் வாய்மொழி. 1997இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. முடிவில் எல்லாக் கழகங்களின், மாவட்டங்களின் தலைவர் பெயர்களையும் அரசு நீக்கியது. வீரத்தை யார் வைத்திருக்கலாம் என்பதில் சாதி எவ்வளவு குறியாக இருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

வெல்ஷும் கால்டுவெல்லும் வெள்ளை அதிகாரத்தின் ஆட்கள், அவர்களை நம்பலாமா என்று கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாதுதான். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலை அவற்றோடு வைத்துப் படிக்க வேண்டும், இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திக் கேட்க வேண்டும். ஆனால் எதிரி தன்னையறியாமல் ஒப்புக்கொண்டதை நாம் கைவிட்டது ஏன் என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

1970இல் சிவாஜி கயத்தாறில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. தோழர் அங்கே போயிருக்கிறார். “இப்ப இருக்கிறது கல்லும் சிமெண்டும்ணே. அந்த மண்ணைச் சுமந்தவங்க பேரு அங்கயும் இல்ல” என்றார். 1801ஐ இனி யாராவது படமாக்கினால் அந்த ஆறு நாளிலிருந்து தொடங்கட்டும்.