செபப் போர்வை போர்த்திய இயேசு



உங்கள் இல்லத்திலுள்ள பாடுபட்ட சுரூபத்தை ஒருமுறை உற்று நோக்குங்கள். ஆண்டவரின் சிரசிலே முள்முடி, இடையிலே வெண்துகில். ஆனால், மார்க் ஷகால் என்ற ஓவியர் 1938 ஆம் ஆண்டு தீட்டிய ‘வெள்ளைச் சிலுவை மரணம்’ என்னும் ஓவியத்தில் முள்முடி இல்லை. தலையிலே ஒரு துணி சுற்றப்பட்டிருக்கிறது. இடையை மறைத்திருப்பதோ யூதர்கள் செபவேளையில் அணியும் கருங்கோடிட்ட போர்வை.

ஷகால் ஒரு யூதர். 1887 ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசின் வித்தெப்ஸ்க் நகரில், பக்தி மிகுந்த குடும்பமொன்றில் பிறந்தவர். அவர் கிறிஸ்தவ மறையைத் தழுவவில்லை. எனினும், துன்புறும் தம் மக்களின் முகத்தை அவர் இயேசுவிலே கண்டார். ஜேர்மனியில் யூதர்களின் செபக்கூடங்கள் தீக்கிரையான ஆண்டு அது. ஆதலால் அவரது ஓவியத்தில் சிலுவையைச் சூழ்ந்து செபக்கூடம் எரிகிறது. வீடுகள் தலைகீழாகக் கிடக்கின்றன. அகதிகள் படகிலே தத்தளிக்கின்றனர். தாயொருத்தி குழந்தையை அணைத்தவாறு ஓடுகிறாள்.

ஆண்டவரின் மரணத்திற்காக யூத இனம் முழுவதையும் பழிக்கும் தவறு, கிறிஸ்தவர்களிடையே பல நூற்றாண்டுகளாக நிலவியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டு அதனைத் தெளிவாக மறுத்துரைத்தது. இயேசு யூதத் தாயின் மகன் என்னும் உண்மையை, அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு யூதரின் தூரிகை நம் கண்முன் வைத்துவிட்டது. தம் இனத்தின் கண்ணீரை மறைத்துவிட்டு வரைந்திருப்பின், ஷகால் இச்சாட்சியத்தை நமக்கு அளித்திருக்க இயலாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் பெரிதும் நேசித்த ஓவியம் இதுவே.

1941 ஆம் ஆண்டு ஷகால் பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. ஆயினும் பிற்காலத்தில், போரிலே சிதைவுற்ற ஜேர்மனியின் மைன்ஸ் நகரப் புனித ஸ்தேவான் ஆலயத்திற்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை வடித்துத்தர அவர் இசைந்தார். முதற் சாளரம் 1978 இல் பொருத்தப்பட்டபோது அவருக்கு வயது 91. யூதரும் கிறிஸ்தவரும் ஒருங்கே போற்றும் பழைய ஏற்பாட்டுக் காட்சிகள், நீல ஒளியில் அங்கே இன்றும் மிளிர்கின்றன.

எரியும் வீடும் மூட்டை சுமந்து ஓடும் முதியவரும் நம் நாட்டிற்குப் புதியவர்களல்லர். எனவே, ஆண்டவரின் பாடுகளை நம் கூத்து மெட்டிலே பாடுவதற்கும், நம் ஊர் மக்களின் முகங்களோடு வரைவதற்கும் நாம் தயங்க வேண்டியதில்லை. தவக்காலத்திலே உங்கள் பிள்ளைகளிடம் தாளும் வண்ணமும் கொடுத்து, சிலுவையின் அடியில் இன்று நிற்பவர்கள் யார் என வரையச் சொல்லுங்கள். தம் உறவுகளை மட்டும் அவர்கள் வரைந்தால், வேற்று மொழி பேசும், வேற்று மதம் பேணும் அயலவரின் துயரையும் எடுத்துக் கூறுங்கள். அவர்களுக்கும் அச்சிலுவையின் அடியில் இடமுண்டு.