உப்புக்காற்றும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டும்

மணப்பாட்டில் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் ஒரு மணற்குன்றின் மேல் நிற்கிறது. அதன் அடிவாரத்துக் கடற்கரையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பவர் அநேகமாக வெளியூர்க்காரர். மணலோடு பழகியவர் முதலில் ஒரு பலகைத் துண்டையோ பனைமட்டையையோ தேடி எடுத்து, அதன் மேல் ஸ்டாண்டின் காலை வைப்பார். வெளியூர்க்காரர் போட்ட ஸ்டாண்டு, அவர் குன்றேறி இறங்குவதற்குள் மணலில் புதைந்து, சைக்கிள் சாய்ந்து கிடக்கும்.

பலகை செய்யும் வேலையை எண்ணாலும் சொல்லிவிடலாம். பழைய ரோடுஸ்டர் சைக்கிளின் எடை ஏறக்குறைய 20 கிலோ. அதில் பாதியைப் பின்பக்க ஸ்டாண்டு தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டின் இரண்டு கால்களும் சேர்ந்து மணலைத் தொடும் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒன்றேகால் கிலோ அழுத்துகிறது. 20 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட பலகையை அடியில் கொடுத்தால் அது 25 கிராமாகிவிடும். ஐம்பதில் ஒரு பங்கு. மணல் தாங்கிக்கொள்கிறது.

ஸ்டாண்டு என்ற பொருளை நாம் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் கேரியரோடு வரும் அந்தப் பின்பக்க ஸ்டாண்டு நல்ல பொறியியல். காலால் மிதித்துக்கொண்டு சைக்கிளைப் பின்னால் இழுக்கும்போது பின்சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறுவதுபோல் உயர்ந்து, உச்சியைத் தாண்டி, மறுபுறம் லேசாக இறங்கி நிற்கிறது. திரும்பி வரவேண்டுமானால் அதே மேட்டில் மறுபடி ஏறியாக வேண்டும். அதற்குச் சைக்கிளின் சொந்த எடையே விடாது. பூட்டு வேண்டாம், ஸ்பிரிங் பெரிதாக உழைக்க வேண்டாம். ஸ்டாண்டு போட்ட அப்பாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோ விளக்கை எரியவிட்டுப் பார்த்த பிள்ளைகளில் நானும் ஒருவன். பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றினால் செயினுக்கு எண்ணெய் விடலாம், பிரேக் கட்டை உரசுகிறதா என்று பார்க்கலாம். நம் நாட்டுச் சைக்கிளோடு பாதி ரிப்பேர் ஸ்டாண்டு கூடவே வருகிறது.

மீதிப் பாதி இல்லாததால்தான் மெக்கானிக்கின் முதுகு வளைகிறது.

நம் கடைகளில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் ஊன்ற, மெக்கானிக் குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்ப்பார். கொஞ்சம் வசதியான கடை என்றால் உத்தரத்திலிருந்து கயிறோ சங்கிலியோ தொங்கும், நுனியில் கொக்கி. கவிழ்க்கும்போது மணியும் முன்விளக்கும் எடையைத் தாங்குகின்றன, பெயிண்ட் உரிகிறது, கைப்பிடியில் மணல் ஏறுகிறது. குனிந்து செய்யும் வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதை ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே ஊசி வைத்து அளந்தார். நேராக நிற்கும்போது இடுப்புத் தட்டில் இருக்கும் அழுத்தம் 100 என்றால், முன்னால் குனியும்போது அது சுமார் 150. கையில் கனமும் இருந்தால் 200-ஐத் தாண்டுகிறது. ஒரு நாளைக்குப் பத்துச் சைக்கிள் பார்ப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் இது என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆய்வு வேண்டாம். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு இடுப்பைப் பிடித்தபடி அவர் எழுந்து நிற்கும் விதமே சொல்லும்.

இந்தக் கடற்கரையில் சைக்கிள் பழுதாவதும் அதிகம். திருச்செந்தூர் பக்கம் ஒரு கடையில் என் சைக்கிளின் சீட்டுக் குழாய் அசையவே மறுத்தபோது மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார்: "உப்புக்காத்துல்லா தம்பி, இரும்பத் தின்னுரும்." அறிவியலும் அதையேதான் சொல்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலோர இரவுகளில் அந்த அளவை எட்டுவது சாதாரணம். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் சைக்கிளின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம் படிகிறது. மின்சாரம் எளிதில் பாயும் திரவம் அது. துருப்பிடித்தல் என்பதே ஒரு சின்ன மின்கல வேலைதானே. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேல் இருக்கும் காப்புப் படலத்தையும் ஊசித்துளையாகக் குத்தி உடைக்கும். குரோமியம் பூசிய ஹேண்டில்பாரில் முதலில் புள்ளி புள்ளியாகத் துரு வருவது அதனால்தான். இரும்புக் குழாய்க்குள் அலுமினியச் சீட்டுத் தண்டு இருந்தால் இரு உலோகங்களுக்கும் இடையே இன்னொரு மின்கலம் உண்டாகி, தண்டு உள்ளேயே இறுகிவிடும்.

ஆகவே இங்கே சைக்கிளுக்குத் தேவை அடிக்கடி கொஞ்சம் கவனிப்பு: நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுவது. ஐந்து நிமிட வேலை. சைக்கிளைக் கவிழ்க்கவும் குத்தவைக்கவும் வேண்டும் என்பதாலேயே அந்த ஐந்து நிமிடம் தள்ளிப்போகிறது.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹோவர்ட் ஹாக்கின்ஸ், ஆர்ட் எங்ஸ்ட்ரோம் இருவருக்கும் இதே குனியல்தான் தொல்லை. 1963-இல் கைக்குக் கிடைத்த பழைய சாமான்களை வைத்து ஒரு தாங்கியைச் செய்துகொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகம் முழுவதும் சைக்கிள் கருவிகள் விற்கும் பார்க் டூல் நிறுவனம். ஒரு தூண், அதிலிருந்து நீளும் ஒரு கை, கையின் நுனியில் சைக்கிளைக் கவ்வும் ஒரு தாடை. அடிப்படை அமைப்பு அன்றைக்கும் இன்றைக்கும் அதுதான்.

உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் ஆடம்பரம் இல்லை. நுணுக்க வேலை முழங்கை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். பலம் கொடுக்கும் வேலை முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருக்கவேண்டும். சக்கரத்தின் கோட்டம் எடுப்பதைப் பாருங்கள். நம் ரோடுஸ்டரில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. எழுபத்திரண்டில் எதைக் கால் திருகு முறுக்குவது என்று கண்டுபிடிக்க, சுற்றும் விளிம்பைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவேண்டும். சாய்வாக மேலிருந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர் ஆட்டம் கண்ணை ஏமாற்றிவிடும். துருவேறிய கிராங்கின் முளையைத் தட்டிக் கழற்றவோ, அதே சைக்கிளைத் தாழ்த்தவேண்டும்.

எங்கே பிடிப்பது என்பது அடுத்த கேள்வி. ஆண்கள் சைக்கிளின் மேல்குழாயில் கொக்கி மாட்டினால் ஈர்ப்பு மையம் கொக்கிக்குக் கீழே தொங்கும். ஊஞ்சல்போல் ஆடினாலும் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். பள்ளி மாணவிகள் ஓட்டும் சைக்கிளுக்கு அந்த மேல்குழாயே கிடையாது. சீட்டுக்குக் கீழுள்ள செங்குத்துக் குழாயைத்தான் கவ்வவேண்டும். ஈர்ப்பு மையம் அங்கிருந்து ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் இருப்பதால் முன்சக்கரம் தரையை நோக்கிக் கவிழப் பார்க்கும். 20 கிலோ பெருக்கல் 23 சென்டிமீட்டர், 460 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு. இதை உராய்வால் மட்டும் நிறுத்துவது சிரமம். கை சுழலும் மூட்டில் இரண்டு தகடுகளை வைத்து, 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டமாகத் துளையிட்டு ஒரு போல்ட்டைச் செருகினால், போல்ட் தாங்கவேண்டியது வெறும் 46 கிலோ.

தாடையை இறுக்குவதில் எல்லோரும் செய்யும் தப்பு, அளவுக்கு மீறி முறுக்குவது. ரப்பர் வைத்த தாடையின் இரு பக்கமும் தலைக்கு 20 கிலோ அழுத்தினாலே 20 கிலோ சைக்கிள் வழுக்காது. திருகு அதைப்போல் பல மடங்கு அழுத்தும். சுவர் மெலிந்த குழாய்கள் அதில் நசுங்கிவிடும். தாடையில் பழைய ட்யூபைக் கட்டாயம் சுற்றவேண்டும். பெயிண்டில் விழும் ஒரு கீறல் மணப்பாட்டுக் காற்றில் ஒரே வாரத்தில் துருவாகும்.

இந்த ஸ்டாண்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தூணின் மேல் ஏறி இறங்கும் வளையம். அதை இறுக்காமல் விட்டாலும் பாரம் தொங்கும்போது நழுவாது. பாரம் தூணிலிருந்து தள்ளி இருப்பதால் வளையம் சாய்கிறது. அதன் மேல்விளிம்பு தூணின் ஒரு பக்கத்தையும், கீழ்விளிம்பு மறுபக்கத்தையும் கவ்விக்கொள்கின்றன. பாரத்தை எவ்வளவு தள்ளித் தொங்கவிடுகிறோமோ அவ்வளவு இறுக்கம். இதைத் திருச்செந்தூர் வட்டாரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பனையேறி மரத்தில் நிற்பது இப்படித்தான்: மேலே கைகள் மரத்தைத் தன்னை நோக்கி இழுக்கின்றன, கீழே தளைநார் மாட்டிய பாதங்கள் மரத்தை எதிர்ப்பக்கம் அழுத்துகின்றன, விழவைக்கவேண்டிய உடல் எடையே பிடிமானமாக மாறுகிறது. சைக்கிளைத் தூக்கி எடுத்ததும் வளையத்தின் பிடி விட்டுப்போகும் என்பதால் ஸ்டாண்டுக்கு ஒரு பூட்டு ஆணி மட்டும் கூடுதலாக வேண்டும்.

இந்த ஸ்டாண்டைக் கடையில் வாங்கவேண்டியதில்லை. கிரில் கேட் செய்யும் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துவிடலாம். இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய்க்குள் ஒன்றரை அங்குலக் குழாய் தாராளமாக நுழையும். இரண்டிலும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு ஆணி செருகினால் உயரம் மாறும். நுணுக்கமான திருகுப் பூட்டுகளைவிட உப்புக்காற்றுக்கு இதுவே நல்லது. இறுகிப்போக இதில் மரை இல்லை.

அடிப்பாகத்துக்கு என் பரிந்துரை, பழைய கார் டயருக்குள் கான்கிரீட். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் என்றால் நடுவிலிருந்து விளிம்பு 30 சென்டிமீட்டர். சைக்கிள் தூணிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது, அதாவது விளிம்புக்கு வெளியே 15. சைக்கிளின் 20 கிலோவோடு மெக்கானிக் 40 கிலோ பலத்தில் கீழே அழுத்துகிறார் என்றால் கவிழ்க்கப் பார்ப்பது 60 பெருக்கல் 15, ஆக 900. எதிர்த்து நிற்க அடிப்பாகம் குறைந்தது 30 கிலோ இருக்கவேண்டும். 25 லிட்டர் கான்கிரீட்டின் எடை 60 கிலோ. இரட்டைப் பாதுகாப்பு. சரித்து உருட்டிக்கொண்டும் போகலாம். மணலிலும் புதையாது: டயரின் அடிப்பரப்பு ஏறக்குறைய 2,800 சதுர சென்டிமீட்டர், மொத்த எடை 90 கிலோ என்றாலும் சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்கு 32 கிராம்தான். நாம் இரண்டு காலில் நிற்கும்போது மணலை இதைவிடப் பல மடங்கு அழுத்துகிறோம்.

ஸ்டாண்டில் ஏற்றியதும் பிள்ளைகள் செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. முன்சக்கரத்தை லேசாகத் தள்ளிவிட்டுக் கவனியுங்கள். காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடம் பொதுவாகச் சக்கரத்தின் கனமான பகுதி. பேரிங் நன்றாக இருந்தால் சக்கரம் உடனே நிற்காது. வால்வு அடிப்பக்கம் வந்து, கடிகாரப் பெண்டுலம்போல் முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் கீழேயே நிற்கும். பாதி வழியில் எங்கோ நின்றுவிட்டால் பால்ஸில் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அல்லது பேரிங்கை இறுக்கும் கோனை அதிகம் முறுக்கியிருக்கிறார்கள். ஸ்பேனரைத் தொடாமலேயே நோய் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் தொடங்கிப் படிப்படியாக விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம், கடலோர ஊர்ப் பிள்ளைகளையும் பிளஸ் டூ வரை கொண்டுசேர்த்திருக்கிறது. அதற்கும் முன்பே, 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் படித்தார்கள். ஓட்டுவது வந்துவிட்டது, சைக்கிளைத் தானே பார்த்துக்கொள்வது இன்னும் பல பிள்ளைகளுக்கு வரவில்லை. கொடுத்த சைக்கிள் உப்புக்காற்றில் இரண்டே ஆண்டில் வீட்டுச் சுவரோரம் துருவேறிச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. கடலோரப் பள்ளி ஒவ்வொன்றிலும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இப்படி ஒரு டயர் ஸ்டாண்டும், ஒரு குழாயடியும், ஓர் எண்ணெய்க் கிண்ணமும், நாலு ஸ்பேனரும் இருக்கட்டும். இயற்பியல் ஆசிரியர்கள் மனது வைத்தால் திருப்புத்திறனுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் வேறு செய்முறைக் கூடம் தேட வேண்டாம்.

செய்துபார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெடலை மட்டும் ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன்பே, சைக்கிள் தரையில் நிற்கும்போதே தளர்த்திக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய பலம் அதிகம். இடதுபக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.